அடித்தண்ணீர்

ஆற்றுத் தண்ணீரில் உப்பு மேலே இரண்டு, அடியில் இருபத்தெட்டா? இதைச் சொல்ல இத்தனை நீள ஒயர் போட்ட கருவி வேண்டுமா அம்மா உங்களுக்கு? உத்திராபதியின் பதினைந்து மா நிலத்துக் கதிரைக் கேட்டிருந்தால் இருபது வருஷம் முன்பே சொல்லியிருக்கும், அடியில்தான் உப்பு என்று.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். பெஞ்சில் உட்காருங்கள். டீ நான் போட்டதுதான். சர்க்கரையை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. அப்படியே குடியுங்கள்.

காசாம்பு ஊரில் இல்லை. என் சம்சாரம். தம்பி செத்துப்போனான், வேதாரண்யம் பக்கம் துக்கத்துக்குப் போனாள். பங்குனியில் போனவள். இப்போது ஆவணி. வருவாள். பஸ் சரியில்லை. முழங்கால் வலி வேறு. பிறந்த வீட்டுத் துக்கம், கருமாதி முடிந்த கையோடு கிளம்பிவிட முடியுமா? நானும் வருகிறேன் என்றுதான் சட்டையை மாட்டினேன். 'நீங்க வர வேணாம்' என்றாள். வெயிலுக்காகச் சொன்னாள்.

செத்தவன்தான் உங்கள் ஃபைலில் இருப்பவன். வேதையன். காலையில் மதகு மேல் நின்று படித்தீர்களே, 'வெளியாள் ஒருவர் ஹேண்டிலை எடுத்து ஷட்டரைத் தூக்கியதால் உப்புநீர் புகுந்தது' என்று. அந்த வெளியாள்.

நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. எழுபத்துநாலு வயசு, காது நன்றாகத்தான் இருக்கிறது. புதுக் கதவு போடப் பார்க்கிறீர்கள். மீன் உள்ளே ஏற வேண்டும், உப்பு ஏறக்கூடாது. மேலே இருக்கிறவர்கள் அந்த ஒரு வரியைக் காட்டி, ஒருதரம் திறந்து பட்டது போதும் என்கிறார்கள். அன்றைக்குத் தூக்கியது யார், எவ்வளவு, எத்தனை நேரம் என்று தெரிந்தால்தான் அவர்களுக்குப் பதில் எழுத முடியும். அவ்வளவுதானே?

சொல்கிறேன். நடுவில் கேள்வி போடாதீர்கள். எனக்குப் பிடிக்காது.

நான் இந்த மதகுக்கு லஸ்கர். கதவை ஏற்றுவது, இறக்குவது, கரை பார்ப்பது. முப்பத்திரண்டு வருஷம் அதுதான் வேலை. எங்கள் வீட்டிலும் எல்லாருக்கும் வலைதான். நான் ஒருத்தன் சர்க்கார் உத்தியோகம். அதனால்தான் காசாம்புவைக் கொடுத்தார்கள். வேதையன் அப்போது ஏழு வயசு. எங்கள் கல்யாணத்தில் என் செருப்பை ஒளித்து வைத்துக்கொண்டு, 'அக்காவ ஏசமாட்டேன்னு சொல்லு மாமா, தர்றேன்' என்றவன்.

இந்த மதகுக்கு அந்தப் பக்கம் கடல் தண்ணீர், இந்தப் பக்கம் ஆற்றுத் தண்ணீர். ஆறு கண், அதாவது தண்ணீர் போகிற ஆறு வாசல். அப்போது இரும்பெல்லாம் கிடையாது. கண்ணுக்குப் பதினோரு பலகை. தூணில் வெட்டின காடியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருக வேண்டும். இடுக்கில் களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைக்க வேண்டும். முதுகு போய்விடும்.

தை அமாவாசைக்கு ஊரே முகத்துவாரத்துக்குப் போகும். தர்ப்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார்கள். அப்போது லஸ்கர் ஒரே ஒரு கண்ணில் தலைப்பலகையை எடுப்பான். மேல் பலகை. மற்ற பத்தும் அப்படியே நிற்கும். காலை ஒன்பது ஒன்பதரைக்குக் கடல் ஏறும். ஏறின தண்ணீர் பலகைக்கு மேலே நாலு விரல் கனத்துக்கு இந்தப் பக்கம் வழியும். அதோடு மடவை மீன் குஞ்சு விழும் பாருங்கள், முறத்தில் இருந்து நொய்யைக் கொட்டின மாதிரி. மூன்று நாள் எடுப்போம். பிறகு போட்டுவிடுவோம். எந்த உத்தரவிலும் இல்லை. எனக்கு முன்னால் இருந்த லஸ்கர் செய்தார், நானும் செய்தேன். விவசாயிகளும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரு பயிரும் கெட்டதில்லை.

ஏன் கெடவில்லை என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. நானும்தான். கெடாததை யாராவது யோசிப்பார்களா?

அந்தக் குஞ்சுதான் ஆற்றுக்குள் நாலைந்து மைல் ஏறி, ஆவணி புரட்டாசிக்குள் முழங்கை நீளம் வளரும். மடவையைத் தேடிக் கொடுவாய் மீனும் ஏறி வரும். வேதையனுக்கு அதுதான் பிழைப்பு. கடலுக்குப் போகமாட்டான். 'ஆத்து மீனு நம்மள நம்பி வருது மாமா, கடல் மீன நாம தேடிப் போவணும்' என்பான். சோம்பேறி என்று நான் திட்டுவேன். சோம்பேறி இல்லை. விடிவதற்குள் வலையை உதறிவிட்டு அக்காவுக்கு இரண்டு மடவை கொண்டுவந்து போடுவான். 'லஸ்கர் ஐயாவுக்கு வால் பக்கம் போடு, தலை வெச்சா மூளை வந்துரும்' என்பான். அவளும் சிரிப்பாள்.

பிறகு இரும்பு ஷட்டர் வந்தது. பலகையை எல்லாம் கழற்றி ஏலம் விட்டார்கள். எனக்குச் சந்தோஷம். முதுகு பிழைத்தது. ஒரு ஹேண்டில், அதைப் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்றினால் ஷட்டர் அடியில் இருந்து தூக்கும். விட்டால் இறங்கும். மேலே வழிய விடுகிற பேச்சே கிடையாது. உத்தரவும் கெடுபிடி. தையில் இருந்து ஆனி வரை ஒரு அங்குலம் தூக்கக் கூடாது.

முதல் வருஷம் மடவை குறைந்தது. இரண்டாம் வருஷம் இல்லை. மூன்றாம் வருஷம் வேதையன் வலையில் கெளுத்தியும் பாசியும்தான். அக்காவுக்கு ஒன்றும் கொண்டுவருவதில்லை. வெறுங்கையோடு வர வெட்கப்பட்டு வீட்டுக்கு வருவதையே நிறுத்தினான். நாலாம் வருஷம் தை பிறந்ததும் மதகுக்கே வந்து நின்றான்.

"மாமா, அந்தப் பக்கம் குஞ்சு வந்து மண்டிக் கெடக்குது. ஒரு சாண் தூக்கு. மூணே நாளு."

"உத்தரவு இல்லடா."

"தலைப்பலகைக்கு உத்தரவு இருந்துச்சா?"

காசாம்பு அன்று இரவு சோறு போடும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவனுக்கு ரெண்டு புள்ளைங்க. தெரியும்ல?"

தெரியும். தெரியாமல் என்ன?

தை அமாவாசையன்று காலை, தர்ப்பணத்துக்கு வந்தவர்கள் போன பிறகு, மூன்றாம் கண்ணை ஒரு சாண் தூக்கினேன். கடல் ஏறி இருந்தது. கதவுக்கு அடியில் தண்ணீர் உறுமிக்கொண்டு உள்ளே போனது. இரண்டு மணி நேரம். எழுதுகிறீர்களா? எழுதுங்கள். ஒரு சாண், இரண்டு மணி நேரம். இறக்கிய பிறகு இந்தப் பக்கப் படியில் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன். லஸ்கர் வேலையில் அதுதான் சோதனை. நன்றாக இருந்தது. இனித்தது. நான் என்ன கண்ணை மூடிக்கொண்டா திறந்தேன்? குடித்துப் பார்த்தேன் அம்மா.

மேல் தண்ணீர்.

வேதையன் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "மாமா, குஞ்சு உள்ள வரல. கதவு மேலயே முட்டிக்கிட்டு நிக்குது. அடியில போவத் தெரியல அதுக்கு."

"ஒரு சாண் பத்தல, அவ்வளவுதான்."

மறுநாள் ஒரு முழம் தூக்கினேன். மூன்றாம் நாளும் ஒரு முழம். அன்றைக்கு அவன் கதவுக்கு இந்தப் பக்கம் முங்கிப் பார்த்தான். நல்ல முங்குநீச்சல்காரன். மேலே வந்து கண்ணைக் கசக்கினான்.

"எறக்கிடு மாமா. அடியில கண்ணு எரியுது. தண்ணி கனமா இருக்கு. போதும், எறக்கிடு."

"நீ லஸ்கரா, நான் லஸ்கரா?"

இன்னும் இரண்டு நாள் தூக்கினேன். அவனுக்காகத்தானே தூக்கினேன்? குஞ்சு வர வேண்டாமா? ஆரம்பித்ததைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. படியில் இறங்கி தினமும் குடித்துத்தான் பார்த்தேன். தினமும் இனித்தது.

உப்பு வந்தது. மீன் வரவில்லை. அதுதான் நடந்தது.

அந்த வருஷம் நடவு தாமதம். தையில் கதிர் பால் பிடித்து நின்றது. வாய்க்காலில் தண்ணீர் இல்லாததால் ஆற்றில் இன்ஜின் வைத்து இறைத்தார்கள். இன்ஜின் தண்ணீர் உறிஞ்சுகிற குழாய் வாய், அந்த புட்வால்வு, எங்கே கிடக்கும்? அடியில்தானே. மேலே இனித்த தண்ணீரை யாரும் இறைக்கவில்லை. அடித்தண்ணீரைத்தான் இறைத்தார்கள். உத்திராபதி முதலில் இறைத்தான். பத்து நாளில் பதினைந்து மாவும் வெளுத்துப்போனது. கதிரை உருவினால் கையில் பதர். அவன் மகளுக்கு மாசியில் கல்யாணம் வைத்திருந்தான். வைகாசிக்குத் தள்ளிப்போட்டான். அது வேறு கதை.

ஷட்டர் அடியில் தூக்கினால் அடித்தண்ணீர்தான் வரும் என்று இலாகாவில் ஒருத்தன் எனக்குச் சொன்னானா? கிரீஸ் எங்கே போட வேண்டும் என்று சொன்னார்கள். பெயிண்ட் எப்போது அடிக்க வேண்டும் என்று சொன்னார்கள். இதைச் சொல்லவில்லை. என் கோபம் அதுதான் அம்மா. அதை எழுதுங்கள். பெரிதாக எழுதுங்கள்.

என்ன? ஹேண்டிலா?

நடுவில் கேட்காதீர்கள் என்றேன்.

விசாரணைக்கு ஆபீசர் வருகிறார் என்று முதல் நாள் சாயங்காலம் தெரிந்தது. எனக்கு சர்வீஸ் இன்னும் நாலு வருஷம் இருந்தது. ஹேண்டில் லஸ்கர் கையில்தான் இருக்க வேண்டும். இருந்தால் தூக்கியது நான். அதைக் கோணியில் சுற்றி வீட்டு நெல் குதிருக்குள் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மதகு மேல் ஊரே நின்றது. ஆபீசர் கேட்டார். "ஹேண்டில் காணோம் சார், பத்து பதினஞ்சு நாளா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். யார் பேரையும் சொல்லவில்லை. இதையும் எழுதுங்கள், நான் யார் பேரையும் சொல்லவில்லை.

"மதகு மேலயே ஒரு மாசமா குந்தியிருந்தவன் யாரு? அவனக் கேளுங்க!" என்று உத்திராபதி கத்தினான். எல்லாரும் வேதையனைப் பார்த்தார்கள்.

அவன் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் இல்லை. ஒரு இமைப்பு. பிறகு முன்னால் வந்தான்.

"நான்தாங்க எடுத்தேன்."

நான் சொல்லச் சொன்னேனா? அவனே சொன்னான்.

"எங்கடா வெச்சிருக்க?" என்று ஆபீசர் கேட்டார்.

அவனுக்கு என்ன தெரியும், எங்கே இருக்கிறது என்று? "ஆத்துல போட்டுட்டேங்க."

"போட்டவன் முங்கி எடுடா" என்றான் உத்திராபதி.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். முங்கினான். எழுந்தான், கையில் சேறு. மறுபடி முங்கினான். கையில் ஒரு உடைந்த சட்டி. ஊர் சிரித்தது. மறுபடி முங்கினான். இல்லாத ஹேண்டிலைத் தேடி, இல்லை என்று தெரிந்தே, ஒவ்வொரு தடவையும் அடிவரைக்கும் போனான் அம்மா. ஏமாற்றவில்லை. பாதியில் நின்றுவிட்டு எழுந்து வரலாம், மேலே இருந்து யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு தடவையும் கையில் அடிச்சேறு இருந்தது. எட்டு மணிக்கு இறங்கியவன், நிழல் காலடிக்கு வரும்வரைக்கும் முங்கினான். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். மூக்கில் ரத்தம்.

பதினோரு மணி இருக்கும், காசாம்பு வந்தாள். நெல் அளக்கக் குதிரின் மூடியைத் திறந்திருக்கிறாள். முந்தானையில் உமி ஒட்டியிருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஆற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. எதிர்வெயில். கண் கூசியது.

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாமே? யார் தடுத்தார்கள்? தம்பியும் தண்ணீருக்குள் இருந்தபடி அவளைப் பார்த்து இப்படித் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. பிறகு மறுபடி முங்கினான்.

கடைசியில் உத்திராபதிதான், "போதும், ஏறித் தொலைடா. செத்துகித்துப் போகப்போற" என்றான். பயிர் போனவன் சொன்னான். நான் மதகுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் வரவில்லை. காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, அதனால் இருக்கும்.

போலீசுக்குப் போகவில்லை. ஊர் கூடி, இனி அவன் இந்த ஆற்றில் வலை போடக்கூடாது என்றது. ஆபீசர் அந்த வரியை எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். இரண்டு நாள் கழித்து, புதரில் கிடந்தது என்று நான் ஹேண்டிலை ஒப்படைத்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மாசி பிறக்கும் முன் குடும்பத்தோடு வேதாரண்யம் பக்கம் உப்பளத்துக்குப் போனான். ஆற்று மீன் தவிர வேறு தெரியாதவன், உப்பு வாரப் போனான். போகிற அன்றைக்கு வாசலில் நின்று, "வர்றேன்க்கா" என்றான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னிடம் வந்தான். ஏதாவது கேட்பான் என்று நினைத்தேன். அடிப்பான் என்றும் நினைத்தேன்.

"மாமா, அன்னைக்கு முங்கிக்கிட்டே இருந்தேன்ல. ஒரு ஆள் மட்டத்துக்குக் கீழதான் உப்பு. மேல நல்ல தண்ணி. குஞ்சு மேலதான் வருது. கதவை அடியில தூக்காம மேல மடக்குற மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லு அவங்கள. தலைப்பலகை மாதிரி." கையை நிமிர்த்தி வைத்து, விரலை மட்டும் இப்படிச் சாய்த்துக் காட்டினான்.

நீங்கள் காலையில் படம் போட்டுக் காட்டினீர்களே, மேல்பாதி மட்டும் சாய்கிற கதவு. அதேதான். பெரிய படிப்புப் படித்து, மீன் படித்தவரும் அணை படித்தவரும் ஒன்றாக உட்கார்ந்து கண்டுபிடித்தோம் என்றீர்கள். ரொம்ப நல்லது. அவன் மூக்கில் ரத்தம் வர முங்கிக் கண்டுபிடித்தான்.

நான் இலாகாவில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். யார் சொன்னது என்று கேட்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு யாரும் கேட்க வரவில்லை. இருபது வருஷம். மதகுக்கு மேலே இந்த ஆற்றில் மடவை கிடையாது. காசாம்புவும் வீட்டில் மீன் வாங்குவதை விட்டுவிட்டாள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். நானும் கேட்கவில்லை.

சரி. எழுதியாயிற்றா? கையெழுத்து எங்கே போட வேண்டும்?

படியுங்கள், கேட்கிறேன். 'மூன்றாம் கண் ஷட்டரை ஐந்து நாட்கள் தூக்கியவர் லஸ்கர் நா. சிவக்கொழுந்து.' சரி. 'முதல் நாள் ஒரு சாண், பிறகு ஒரு முழம்.' சரி. 'ஹேண்டில் அவர் வசமே இருந்தது.' ...சரி. எழுதிவிட்டீர்கள். இருக்கட்டும்.

அடுத்தது என்ன கட்டம்? 'குறிப்பிடப்பட்ட நபர் வேதையன் வாக்குமூலம் தருபவருக்கு என்ன உறவு.'

இருங்கள்.

அன்றைக்கும் இதைக் கேட்டார்கள். இவன் முங்கிக்கொண்டு இருந்தான், ஊர் அதைப் பார்த்துக் கூச்சல் போட்டுக்கொண்டு இருந்தது. ஆபீசர் பேப்பரைத் தொடையில் வைத்து எழுதிக்கொண்டே, "இவன் உனக்குச் சொந்தக்காரனா?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து இவன் தலை தண்ணீருக்கு மேலே வந்தது. பத்தடி தூரம்கூட இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தான். கரையில், கைக்கெட்டும் தூரத்தில் அவள்.

"இல்லங்க. ஊர்க்காரன். பாத்திருக்கேன்" என்றேன்.

அவன் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி முங்கினான். அந்தத் தடவை எழுந்து வர ரொம்ப நேரம் ஆனது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொல்ல என்ன இருக்கிறது, அவள்தான் அன்றைக்கே காதால் கேட்டாளே.

பேனாவைக் கீழே வைக்காதீர்கள் அம்மா. எழுதுங்கள். மச்சினன். என் சம்சாரத்தின் கூடப்பிறந்தவன். ஏழு வயசில் இருந்து என் வீட்டில் சாப்பிட்டவன் என்றும் போடுங்கள். கட்டத்தில் இடம் இல்லை என்றால் ஓரத்தில் எழுதுங்கள்.

இதற்கு நகல் கொடுப்பீர்களா? இரண்டு கொடுங்கள். எனக்கு வேண்டாம், இரண்டும் உப்பளத்துக்குப் போகட்டும். அங்கே இருக்கிற காசாம்புவுக்குப் படிக்கத் தெரியாது. அவன் பிள்ளைகள் படித்துக் காட்டுவார்கள்.

நாளைக்குக் காலையில் உங்கள் ஜீப் அந்தப் பக்கம் போகுமா? போகும் என்றால் நானும் வருகிறேன். உள்ளே வரமாட்டேன். நீங்கள் படித்து முடிக்கிறவரை வெளியே நிற்கிறேன்.